பெட்டிக்குள் இருந்த புராணம்

மலர்க் குழுவினர் ஒருநாள் எம்மிடம் வந்து, மறைந்த தமிழாசானின் குரல் எங்கேனும் பதிவாகி இருக்கின்றதா என வினவினர். யாம் சற்றும் எண்ணாது "இருக்கின்றது" என்று விடையிறுத்துவிட்டோம். அவ்விடை பொய்யன்று. ஆயினும், எங்கே இருக்கின்றது என்று அவர்கள் அடுத்து வினவியபோது எமக்கு நா எழவில்லை. ஐயாவின் குரல் ஒரு காரின் டிக்கியிலே, கம்பளத்தின் கீழே, வயர்கள் வெட்டப்பட்ட ஓர் இரும்புப் பெட்டியினுள்ளே சிறைப்பட்டுக் கிடந்தது. அதனை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவரும் யாமே, மறந்தவரும் யாமே.

ஐயாவை அறியாத இளைய மாணவர் பொருட்டு ஒரு சிறிது கூறுதல் வேண்டும். பகலிலே இக்கல்லூரியில் இலக்கணம் கற்பித்த அவர், மாலையிலே தம் ஊர்க் கோயிலிற் புராணத்துக்குப் பயன் சொல்லுபவர். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் அதனைப் பதம் பிரித்துப் பொருள் விரிக்கும் புராண படனம் யாழ்ப்பாணத்துக் கோயில்களுக்குப் பழகிய வழக்கு. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் எம்மவர் வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்று குறித்ததும் இதனை உட்கொண்டே. கச்சியப்ப சிவாசாரியாரின் அந்நூல் ஆறு காண்டங்களையும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களையும் உடையது. இறுதியில் நிற்பது வள்ளியம்மை திருமணப் படலம்.

1998ஆம் ஆண்டிலே அப்படலம் படிக்கப்பட்ட மாலையில், வழக்கமாக வாசிப்பவர் காய்ச்சலாற் படுத்துவிட்டார். ஐயா எம்மை அழைத்து, "தம்பி, வந்து இரும், வாசியும்" என்றார். எமக்கு அப்போது பதினெட்டு வயது. எம்மோடு படித்த நண்பர் ஒருவர், பற்றரியில் இயங்கும் ரேப் றெக்கோடரைத் தூணடியில் வைத்து அம்மாலையை ஒரு கசற்றிலே பதிவு செய்தார். ஐம்பத்தெட்டு நிமிடங்கள். ஐயாவின் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை என்பதை அன்று எவரும் அறிந்திலேம்.

2002இல் ஏ9 வீதி திறக்கப்பட்டதும் புதிய பொருள்கள் பல வடக்கே வந்தன. வெற்று இறுவட்டுகளும் வந்தன. மறு ஆண்டிலே, பட்டினத்துக் கடையொன்றிற் கொடுத்துக் கசற்றை இறுவட்டாக மாற்றுவித்தோம். கசற்றின் நாடாவிற் பூஞ்சணம் படர்ந்திருந்தபடியால் அது அந்த ஒருமுறையோடு ஓய்ந்துவிட்டது. எஞ்சியது ஒரே இறுவட்டு. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் தொட்டால் ஒடியும் ஏடுகளை ஒப்புநோக்கி அச்சேற்றிய வரலாற்றை ஆண்டுதோறும் வகுப்பிலே உருகி உருகிக் கூறும் யாம், கையிலிருந்த ஒற்றைப் பிரதிக்கு ஒரு படி எடுத்து வைத்தோமல்லேம். எடுப்பதற்கு வேண்டியது அரைமணிப் பொழுதே. அது மாத்திரமோ! அன்பு மிகுதியால் வட்டமான ஒரு தாளிலே ஐயாவின் பெயரையும் படலத்தின் பெயரையும் அழகுற எழுதி, பசை தடவி, இறுவட்டின் மேற்புறத்திலே ஒட்டியும் வைத்தோம். இத்தாளை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும்.

ஐயா 2007இல் மறைந்தார். 2012இலே, இக்கல்லூரியில் எமக்கு மூத்தவரான அன்பர் ஒருவரின் காரிலே கதிர்காமம் சென்றோம். ஜப்பானிலே ஓடிப் பழகி இங்கு வந்த அக்காரின் டிக்கியில் இறுவட்டுச் சேஞ்சர் ஒன்று இருந்தது. வழிநெடுகக் கேட்போம் என்று எமது இறுவட்டையும் அதிலே இட்டோம். கேட்டோம், அண்ணர் கண்கலங்கினார். திரும்பி வரும் வழியிலே சேஞ்சர் பேசாது நின்றது. "பிறகு பாத்து எடுத்துத் தாறன்" என்றார் அண்ணர். பிறகு என்பது எத்துணை நீண்ட சொல்! 2016இல் அவர் காருக்குப் புதிய வானொலிப் பெட்டி பூட்டுவித்தபோது, பூட்டியவர் பழைய வயர்களை வெட்டிவிட்டுச் சேஞ்சரை இருந்தவிடத்திலேயே விட்டுவிட்டார்.

இனி அப்பெட்டியைப் பற்றி. இறுவட்டு 1982ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஜப்பானிலே விற்பனைக்கு வந்தது. விட்டம் 120 மில்லிமீற்றர்; கனம் 1.2 மில்லிமீற்றர். சில ஆண்டுகளிலே அது காருள்ளும் புகுந்தது. ஓட்டுநர் வீதியிற் கண்ணிருக்க வேண்டியவராதலால், ஒவ்வொன்றாக மாற்றும் தொல்லை நீங்கும்பொருட்டு ஆறு வட்டுகளை ஒருங்கே வைக்கும் சேஞ்சர் தோன்றியது. பருத்த அகராதி ஒன்றின் அளவினதான பெட்டி அது. அதனுள்ளே மகசின் எனப்படும் ஒரு கூடு. கூட்டினுள்ளே ஒன்றன்மேலொன்றாக ஆறு தட்டுகள். ஏவிய வட்டின் நேருக்கு லேசர் பொறித்தட்டு ஏறியோ இறங்கியோ வந்து நிற்கும். ஒரு கை அவ்வட்டைக் கூட்டிலிருந்து வெளியே தள்ளும். மேலிருந்து ஒரு பிடி இறங்கி அதனைப் பற்றும். பின்னரே வட்டுச் சுழலும். பாட்டு முடிந்தால் அத்தனையும் தலைகீழ் முறையில் நிகழ்ந்து வட்டுத் தன் தட்டிற்கு மீளும்.

எமக்கு இங்கே இலக்கணம் குறுக்கிடுகின்றது; பொறுத்தருள்க. பொருள்கோள் எட்டனுள் அளைமறிபாப்பு என ஒன்றுண்டு. வளையிலே தலைவைத்து நுழைந்த பாம்பு உள்ளே மடங்கித் தலை மேலாய் வருதல்போல, செய்யுளின் இறுதியில் நின்ற சொல் இடையும் முதலும் சென்று பொருள்படுவது. ஐயா இதனைக் கற்பிக்கையிலே தம் சால்வையையே பாம்பாக மடித்துக் காட்டுவார். சேஞ்சரின் வட்டும் அவ்வாறே, போன வழியே மடங்கி மீள வேண்டும். வேறு வழி அதற்கு இல்லை. ஒரு வட்டு நடுவழியில் நிற்கும்வரை பூட்டுக் கொளுவி விடாது. மகசின் வெளியே வாராது. ஏனைய வட்டுகளும் அதனோடு சிறை.

மின்சாரம் அற்ற சேஞ்சரில் வட்டை வெளித்தள்ளும் பொத்தானை அழுத்துவதாற் பயனில்லை. அப்பொத்தான் உள்ளேயுள்ள எந்தக் கொளுவியையும் தொடுவதன்று; உள்ளிருக்கும் சிறு மின்னணு மூளைக்கு விண்ணப்பம் ஒன்றைச் சமர்ப்பிப்பது மாத்திரமே. மூளை உறங்கினால் விண்ணப்பத்தை ஏற்பார் எவர்? யாம் இதனை அறியாது அப்பொத்தானை விரல் நோவ அழுத்தினோம். பின்னர் வெண்ணெய்க் கத்தியொன்றை வாயிலினுள்ளே செலுத்தினோம். அண்ணர், "உடைச்சே எடுப்பம்" என்று சுத்தியலுக்கு எழுந்தார். அப்போதுதான் எமக்கு அச்சம் பிறந்து, பெட்டியைக் கழற்றிச் சாக்கிலே சுற்றி, கார் வானொலி திருத்தும் ஒருவரிடம் கொண்டு சென்றோம்.

கொண்டு சென்ற பின்னரே அவர் எவர் என்பது தெரிந்தது. எம்மிடமே படித்தவர். பின்வாங்கிலே இருந்து, மேசையின் கீழ் எதையாவது கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பார். ஒருநாள் நன்னூற் பாடவேளையிலே அவர் கையிலிருந்த சிறு மோட்டோரைப் பறித்து எறிந்தோம், கடுஞ்சொல்லும் கூறினோம். க.பொ.த. சாதாரண தரத்திலே தமிழ்ப் பாடம் அவருக்குச் சித்தியாகவில்லை. எம்மைக் கண்டதும் எழுந்து நின்று, "வாங்கோ சேர், இருங்கோ" என்றார். நாற்காலியைத் துடைத்துத் தந்தார். அம்மோட்டோரை அவர் நினைத்தாரோ அறியோம், யாம் நினைத்தோம்.

வெட்டுண்ட வயர்களை அவர் மல்ரிமீற்றர் கொண்டு ஆராய்ந்தார். "மூளைக்கு 12 வோல்ற்றும் ஏர்த்தும் போனாக் காணும் சேர். சில பெட்டி அதோடையே எழும்பும், சிலது முன்பெட்டி சொன்னால்தான் எழும்பும். மாறிக் குடுத்தால் செத்துப்போம்" என்று கூறி, மோட்டார்ச் சைக்கிள் பற்றரி ஒன்றை எடுத்தார்; நேர் முனையின் வழியிலே சிறிய பியூஸ் ஒன்றையும் இட்டார்.

பற்றரியைத் தொடுக்கக் கண்டதும் எம் மனம் வேறோர் இடத்துக்குச் சென்றது. 1990 முதற் குடாநாட்டிலே மின்சாரமின்றி வாழ்ந்த ஆண்டுகளில், கவிழ்த்து வைத்த சைக்கிளின் மிதிகட்டையைக் கையாலே சுழற்றி, டைனமோவின் மின்னிலே வானொலி கேட்ட தலைமுறை எம்முடையது. செய்தி முடியும்வரை கை ஓயலாகாது. ஓய்ந்தால் வாசிப்பவரின் குரல் இழுபட்டு மாயும். இதனை அவரிடம் கூறினோம். அவர் அக்காலத்திற் பிறந்தவர்தான். தம் தந்தையார் கூறக் கேட்டிருக்கின்றார்.

பொத்தானை அழுத்தினார். பெட்டி விழித்தது! உள்ளே கிர்ரென்று மோட்டோர் ஓடியது, பின் முனகியது, நின்றது. மீண்டும் முயன்று மீண்டும் நின்றது. மூன்றாம் முறை முனகத் தொடங்கவே அவர் வயரைப் பிடுங்கிவிட்டார். யாம், "இன்னுமொரு முறை" என்றோம். "வேண்டாம் சேர். உள்ளுக்கு எதோ பிடிச்சிருக்குது. பற்சில்லெல்லாம் பிளாஸ்ரிக், பல்லுக் கழண்டால் பிறகு ஒண்டும் செய்யேலாது" என்றார். ஆசிரியர் அடங்கினோம்.

மேல்மூடியின் திருகாணிகளைக் கழற்றித் திறந்தார். வீதியின் அதிர்ச்சி வட்டைத் தாக்காவண்ணம் உட்பொறி முழுவதும் விற்சுருள்களிலும் இறப்பர்த் தாங்கிகளிலும் தொங்கிக்கொண்டிருந்தது. நடுவே, பாதி கூட்டிலும் பாதி வெளியிலுமாக ஒரு வட்டு. அதன்மேல் எமது கையெழுத்து. டிக்கியின் வெப்பத்திலே பசை இளகி, தாளின் ஓரம் சுருண்டெழுந்து மேற்பிடியிற் சிக்கியிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் சேஞ்சரின் வாயை அடைத்திருந்தது வேறெதுவுமன்று. ஐயாவின் பெயரை அழகுற எழுதி யாம் ஒட்டிய தாளே.

யாம் கையை நீட்டினோம். "இழுக்காதையுங்கோ!" என்றார். முன்பு யாம் அவரை அதட்டிய குரலுக்கு அது சற்றும் குறைந்ததன்று.

அதன்பின் அவர் செய்தது ஏறத்தாழ ஒருமணி நேர வேலை. வட்டை நகர்த்தும் மோட்டோரின் அச்சு திருகுபுரி போன்றது; பற்சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினால் அது அசையாது; மோட்டோரின் அச்சைத் திருப்பினாலே எல்லாம் திரும்பும். அந்த அச்சைச் சிறு குறடொன்றாற் பற்றி, கடுகளவு கடுகளவாக எதிர்ப்புறம் திருப்பினார். மற்றக் கையிலே, விளக்குமாற்றிலிருந்து முறித்து நுனி மழுக்கிய ஈர்க்கு. பழைய எக்ஸ்ரே படத்தில் ஒரு கீற்றை வெட்டித் தாளுக்கும் பிடிக்கும் இடையே செருகி, எழுந்த ஓரத்தை ஈர்க்கினால் அமிழ்த்தினார். திருப்புவார், நிற்பார், அமிழ்த்துவார், மீண்டும் திருப்புவார். நூலகத்துப் பழஞ்சுவடியை இவ்வளவு பொறுமையோடு புரட்டியவரை யாம் கண்டதில்லை. எமக்குத் தந்த பணி கைவிளக்கைப் பிடித்தல். அதனையும் அசைத்துவிட்டோம் என்று இருமுறை கண்டிக்கப்பட்டோம்.

வட்டு முழுவதும் தன் தட்டிற் புகுந்தபோது உள்ளே மெல்லிய ஓசையொன்று கேட்டது. கொளுவி விட்டது. பற்றரியை மீண்டும் தொடுத்துப் பொத்தானை அழுத்த, மகசின் வெளியே வந்தது. ஐந்து வட்டுகள். நான்கு அண்ணருடையவை. அவற்றுள் ஒன்று தட்சணாமூர்த்தியின் தவில். அது தொலைந்ததென்று கவலையுற்றிருந்த அண்ணரைத் தொலைபேசியில் அழைத்துக் கூறினோம். ஐயாவின் வட்டைப்பற்றி அவர் கேட்டது அதன் பின்னரே. குற்றமில்லை, அவரவர்க்கு அவரவர் இழப்பு.

ஐந்தாவது வட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்த மாணவர் முகம் வாடினார். இறுவட்டிலே ஒலியைத் தாங்கும் ஒளிதெறிக்கும் படலம் கீழ்ப்புறத்திலன்று, மேற்புறத்திலே மெல்லிய பூச்சொன்றின் கீழ் உள்ளது. கீழே கீறல் விழுந்தால் தேய்த்துத் தெளிவாக்கலாம். மேலே உரிந்தால் உரிந்ததுதான். எழுந்த தாளோடு அப்படலமும் பிறை வடிவிலே, ஓரத்திலிருந்து ஏறக்குறைய ஒரு விரலகலம் உரிந்து போயிருந்தது. அவ்விடத்தூடாக வெளிச்சம் தெரிந்தது. எஞ்சிய தாளையாவது எடுத்துவிடுவோமா என்றோம். தாளை உரித்தால் எஞ்சிய படலமும் உடன்வரும் என்று தடுத்தார். தாளை அப்படியே விட்டு, கீழ்ப்புறத்தை நடுவிலிருந்து ஓரம் நோக்கி மெல்லிய துணியால் துடைத்து, கணினியிலே இட்டு, மிகக் குறைந்த வேகத்திலே வாசிக்கச் செய்தார்.

இறுவட்டின் ஒலித்தடம் நடுவிலே தொடங்கி வெளியோரம் நோக்கிச் சுருண்டு செல்வது. ஆதலின் தொடக்கம் உள்ளே காப்பாக இருந்தது, காயம்பட்டது முடிவு. இரவு எட்டுமணி வரையில் மீண்டும் மீண்டும் வாசிக்கச் செய்து ஐம்பத்தொரு நிமிடங்களை மீட்டார். இறுதி ஏழு நிமிடங்கள் இல்லை.

அந்த ஏழு நிமிடங்களில் என்ன இருந்தது என்பதை யாம் அறிவோம், அறியவும் மாட்டோம். படலம் நிறைந்ததும் ஐயா மங்கலம் கூறி, வாசித்தவரைப் பற்றிச் சபையோர்க்குச் சில வார்த்தை சொன்னார். அவை எம்மைப் பற்றியவை. நாணத்தாலே தலைகுனிந்து இருந்தோம் என்பது நினைவுண்டு, சொன்னது நினைவில்லை. இறுவட்டு இருக்கின்றது, வேண்டியபோது கேட்கலாம் என்றிருந்தபடியால் நினைவில் வைக்கவும் முயன்றோமல்லேம். பதிவு செய்த நண்பர் கனடாவிலே வாழ்கின்றார். அவரிடமும் கேட்டோம். ஐயா சால்வையைத் தோளில் இட்டுக்கொண்டு எழுந்ததே தமக்கு நினைவு என்றார்.

கடையிலிருந்தே முதன்முறை கேட்டோம். மணியோசை, யாரோ குழந்தையொன்று அழுகை, பின் ஐயா. முருகன் கிழவனாய் வந்து பசியென்று கூற, வள்ளி தேனும் தினைமாவும் கொடுக்கும் இடம். எமது இளங்குரல் செய்யுளை எடுக்கின்றது. ஓரிடத்திலே சந்தியைப் பிழையாகப் பிரித்துவிடுகின்றது. உடனே ஐயா: "நில்லும் தம்பி, நில்லும். அங்கே பிரித்தால் கிழவர் இப்பவே குமரனாகிவிடுவார். பிள்ளை இன்னும் மா கொடுத்து முடியவில்லையே!" சபை முழுவதும் சிரிக்கின்றது. கடையிலே மாணவரும் வாய்விட்டுச் சிரித்தார். பின் எம்மைப் பார்த்து அடக்கிக்கொண்டு, "சேரும் பிழை விட்டிருக்கிறியள்" என்றார். "விட்டோம்" என்றோம். அப்போதுதான் அந்த மோட்டோரைப் பற்றியும் கூற வாய் வந்தது. அவர் கேட்டுவிட்டு, அது ரேப் றெக்கோடர் மோட்டோர், ஏற்கெனவே எரிந்து போனது என்றார்.

ஐம்பத்தொராம் நிமிடத்தை அண்மிக்கையில் ஐயா ஒரு முறை இருமுகின்றார், தண்ணீர் குடிக்கின்றார்போலும். "சரி தம்பி, அடுத்த பாட்டை எடும்" என்கின்றார். யாம் எடுக்கின்றோம். முதற்சீர் கேட்கின்றது, இரண்டாவதின் பாதி கேட்கின்றது, அவ்வளவே.

மாணவர் கூலி வாங்க மறுத்தார். வற்புறுத்திப் பற்றரிக்கும் நேரத்துக்குமாக ஒரு தொகையைக் கொடுத்தோம். அன்றிரவே மூன்று படிகள் எடுத்தார். ஒன்று கல்லூரி நூலகத்துக்கு, ஒன்று ஐயாவின் மகளுக்கு, ஒன்று எமக்கு. எவற்றின்மேலும் தாள் ஒட்டப்படவில்லை. யாம் புறப்படும்போது அவர் கணினி முன் மீண்டும் அமர்ந்து, தமக்கென நான்காவது படி ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தார்.